கோட்டா முடிந்த சட்டைகள்

போன வாரம் செம்பூரில் ஒரு துணிக்கடையில் வீட்டுக்காரருக்குச் சட்டை எடுத்தேன். புதுச் சட்டையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. கடைப் பையன்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள், பார்க்கட்டும். கழுத்துப் பட்டையில் பங்களாதேஷ் என்று போட்டிருந்தது. ஆனால் புதுத்துணியும் இஸ்திரிச் சூடும் கலந்த அந்த வாசனை எந்த தேசத்துச் சட்டைக்கும் ஒன்றுதான். என்னை நேரே தாராவிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

சிரிக்காதீர்கள், என் முதல் வேலை தாராவியில்தான். மாட்டுங்காவில், கோயில் மணி கேட்கும் கட்டடத்தில் வளர்ந்தவள் நான். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்ததும் ஏதோ ஒரு பேங்க் எனக்காகக் காத்திருப்பதாக அப்பா நம்பினார். கிடைத்தது தங்கராஜ் அண்ணாச்சியின் ஏற்றுமதிச் சட்டைப் பட்டறை. அப்பா இரண்டு நாள் பேப்பரில் பேங்க் விளம்பரமாகத் தேடினார். அம்மா மட்டும், "நடந்தே போயிடலாமே, ட்ரெயின் பாஸ் மிச்சம்" என்றாள்.

தகரக் கூரை போட்ட மாடியில் வரிசையாகத் தையல் மெஷின்கள். மூலையில் நானும் என் டைப்ரைட்டரும். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினால் மேஜை ஆடும். அதனால் எங்கள் பில்களில் நான் அடிக்கும் ‘அமெரிக்கா’ என்ற எழுத்துகள் எப்போதும் கொஞ்சம் தள்ளாடியபடியே நிற்கும்.

அந்தக் காலத்தில் சட்டை தைத்தால் மட்டும் போதாது, கோட்டா வேண்டும். ஒரு வருஷத்துக்கு உங்கள் நாட்டிலிருந்து இத்தனை சட்டைதான் விடுவேன் என்று அமெரிக்கா கணக்கு வைத்திருந்தது. ஜனவரியில் கதவு திறக்கும், கணக்கு நிரம்பியதும் சாத்திவிடுவார்கள். அண்ணாச்சிக்கு அதை நினைத்தாலே பொங்கும். "நாம மலிவாத் தைக்கோம், அவன் வாங்குதான். அவனுக்கு லாபம், நமக்குச் சோறு. நடுவுல எவன்வே இந்தக் கதவ வச்சான்?"

அதே அண்ணாச்சியிடம் ஒரு ஏஜென்ட் பளபளவென்று வெளிநாட்டுப் பட்டன்களைக் கொட்டி, இதன்மேல் இறக்குமதி வரியைக் குறைக்கப் போகிறார்கள், இனிமேல் மலிவாகக் கிடைக்கும் என்றார். அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. அவருடைய மச்சான் மான்குர்தில் பட்டன் செய்துகொண்டிருந்தார். "இதெல்லாம் உள்ள வந்தா எம் மச்சான் எங்க போவான்? விடப்படாது." நான் டைப்ரைட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். சிரித்தால் வேலை போய்விடும் என்ற பயம்.

அந்த வருஷம் நவம்பரிலேயே கோட்டா தீர்ந்துவிட்டது. தயாராக இருந்தவை சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட ஃபிளானல் சட்டைகள். பனியில் விறகு வெட்டுகிறவர்களுக்கானவை, கம்பளி மாதிரி தடிப்பு. கிறிஸ்துமஸுக்கு வராத சட்டை வேண்டவே வேண்டாம் என்று அவற்றை வாங்கும் அமெரிக்காக்காரர் கைவிரித்துவிட்டார். அட்டைப்பெட்டிகள் கூரை முட்ட நின்றன. பொங்கல் நெருங்குகிறது, சம்பளம் வருமா என்று தையல்காரர்கள் அண்ணாச்சியின் முகத்தையே பார்த்தார்கள். "பட்டறைய மூடிருவமா?" என்று அவர் கேட்டது என்னிடமா, சுவரிடமா தெரியவில்லை.

பதில் சொன்னது இசக்கியக்கா. தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் சோதித்துத் தள்ளுகிறவர். அவருக்கு அண்ணாச்சியே கொஞ்சம் பயப்படுவார்.

"எதுக்கு மூடணும்? நம்ம சந்துலயே வித்துருவோம்."

"ஏ இசக்கி, இந்தச் சட்டைக்குள்ள ரெண்டு ஆளு நுழையலாம்லா?"

"அப்ப ரெண்டு ஆளுக்கு வெட்டுவோம்."

வெட்டினார்கள். அப்பாவுக்குச் சட்டை போக மிச்சத்தில் பிள்ளைக்கு ஒன்று. நீளக் கைகள் இரண்டும் சேர்ந்து குழந்தைக்குக் கால்சட்டை. கம்பெனிப் பட்டையைப் பிளேடால் பிரித்தெடுப்பது என் வேலை. அதிர்ஷ்டம், அந்த வருஷம் மும்பையில் உண்மையாகவே குளிர்ந்தது. பெட்டிகள் காலியாகின, எல்லோருக்கும் சம்பளம் வந்தது. பொங்கலன்று சந்து முழுக்கச் சிவப்பு, கறுப்புக் கட்டம். ஒரு வெள்ளாட்டின் கழுத்தில்கூட.

அன்றைக்குத்தானா அந்த அமெரிக்காக்காரர் வர வேண்டும்! புது வருஷத்து ஆர்டர் பேச ஜனவரியில் வருவார், ஓட்டலிலேயே சாம்பிள் பார்த்துவிட்டுப் போவார். இந்த முறை பட்டறையைப் பார்க்கிறேன் என்று சந்துக்குள்ளேயே வந்துவிட்டார். வேண்டாம் என்று தான் கைவிட்ட சட்டைகள் அத்தனையும் பொங்கல் பானையைச் சுற்றி நிற்பதைப் பார்த்தார். "போச்சு" என்றார் அண்ணாச்சி. அந்த மனிதரோ ஆட்டைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

அவர் கையில் பொங்கல் இலையைக் கொடுத்த பிறகு அண்ணாச்சிக்குத் தைரியம் வந்தது. "ஏன் அந்தக் கதவச் சாத்துதாங்கன்னு கேளும்மா."

என் டைப்ரைட்டிங் இங்கிலீஷில் கேட்டேன். அவர் சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, சந்தே எங்களை நெருங்கி வந்து நின்றது. அவருடைய அம்மா ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவராம். வெளிநாட்டுச் சட்டை மலிவாக வந்ததும் அதை மூடிவிட்டார்களாம். கோட்டா வேண்டும் என்று கொடி பிடிக்கிறவர்களில் அந்த அம்மாவும் ஒருவர். மகனோ சட்டை வாங்க விமானம் ஏறுகிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டு மேஜையில் சண்டையாம்.

"காலர் தைக்கிற அம்மாவா?" என்றார் அண்ணாச்சி. அவர் இலையில் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்துவிட்டு, "எம் மச்சான் மாதிரிதான்" என்றார்.

இசக்கியக்கா கேட்டது ஒன்றுதான். "அந்தம்மா எம்புட்டு உயரம்?"

அமெரிக்காக்காரர் தன் நெஞ்சளவில் கையை வைத்துக் காட்டினார். அகலத்துக்கு இரண்டு கையையும் விரித்தார். சந்தே சிரித்தது. அவர் கரும்பைக் கடித்து முடிப்பதற்குள் மாடியில் இசக்கியக்கா மிச்சத் துணியை வைத்து மெஷின் ஓட்டும் சத்தம் கேட்டது. போகும்போது அவர் கைப்பையில் கட்டம் போட்ட சட்டை ஒன்று இருந்தது, மடிப்புக் கலையாமல்.

அடுத்த ஜனவரியில் வந்தவர் நேரே இசக்கியக்காவிடம் போனார். அவருடைய அம்மா சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, நகத்தால் ஒவ்வொரு தையலாக நிரடிப் பார்த்தாராம். காலரில் ஒரு தையல் குறை என்றாராம். அப்புறம் குளிர்காலம் முழுக்க அதையே போட்டுக்கொண்டாராம், கோட்டா கேட்டுக் கொடி பிடிக்கப் போன கூட்டத்துக்கும்!

"கொறையா? எந்த எடத்துலன்னு கேளு!" என்று இசக்கியக்கா இடுப்பில் கைவைத்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

பிறகு ஒரு நாள் கோட்டாவையே எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி சந்து முழுக்க லட்டு கொடுத்தார். கதவு எங்களுக்கு மட்டுமா திறந்தது? எல்லா தேசத்துக்கும் திறந்தது. எங்களைவிட மலிவாகத் தைப்பவர்களிடம் ஆர்டர்கள் போய்ச் சேர்ந்தன. வெளிநாட்டுப் பட்டன் வந்து மச்சானும் கடையைக் கட்டினார். பட்டறை இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரிப்பேர் செய்கிறார்கள். அந்தச் சட்டைகள் மட்டும் லேசில் சாகவில்லை. சயான் பஸ் ஸ்டாப்பில் கட்டத்தைப் பார்த்தே எங்கள் சந்து ஆள் என்று வெகு நாள் கண்டுபிடித்திருக்கிறேன். கடைசியாக ஒன்றைப் பார்த்தது ஒரு டீக்கடையில், சுடு கெட்டிலைப் பிடிக்கும் துணியாக. அந்த டீக்கடையும் இப்போது இல்லை.