அத்தையை வெட்டியெடுத்த படம்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு குடும்பப் படம் தொங்கியது. நாற்காலிகளில் தாத்தாவும் பாட்டியும். பின்னால் அரும்பு மீசையோடு என் அப்பா. வலது ஓரம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. அப்பாவின் தோள்மேல் மட்டும் வளையல் போட்ட ஒரு கை தனியாக இருந்தது. அதையும் வெட்டினால் தன் தோள் போய்விடும் என்று அப்பா விட்டுவைத்திருந்தார். யார் கை என்று சின்ன வயதில் கேட்டேன். "ஸ்டுடியோக்காரங்க ஊட்டுப் பொண்ணு, சும்மா வந்து நின்னுச்சு" என்றார்.

அது என் அத்தையின் கை, அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் மலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வந்த லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்குப் போய்விட்டவர். அவர் போன அன்றே அப்பா படத்தைக் கழற்றி வெட்டினார். அதைக்கூடக் கோபம் என்று விட்டுவிடலாம். தாத்தா இறந்த பிறகு, வாரிசுச் சான்றிதழுக்காக விசாரிக்க வந்த அலுவலரிடம் அவர் நிதானமாகச் சொன்னதுதான் வேறு. "நான் ஒருத்தந்தானுங்க. எங்கூட்டுல பொண்ணே பொறக்கலீங்க."

மிளகுத் தோட்டம் முழுவதும் அப்பா பேருக்கு வந்தது. அவர் சொன்ன வார்த்தை பஸ்ஸில் போனவர்கள் மூலம் அத்தையின் காதுக்குப் போனது. "தங்கச்சி செத்துப்போயிட்டான்னு சொல்லியிருந்தாப் பொறுத்திருப்பேன் கண்ணு. பொறக்கவே இல்லைன்னு சொல்லிப்போட்டானே" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அத்தை வழக்குப் போட்டார். மலைப் பள்ளிக்கூடத்துக்கு ஏறி வந்து, தான் படித்த வருஷத்துச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலை வாங்கினார். பழைய ரேஷன் கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்தார். அவற்றில் இருப்பது அதே பேருள்ள வேறு பெண் என்று அப்பா தரப்பு சாதித்தது. நான் அப்போது கல்லூரி விடுமுறையில் வீட்டிலிருந்தேன். களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, கூறைப்புடவை மடிப்பிலிருந்து ஒரு துண்டுப் படத்தை எடுத்தார். பாவாடை தாவணியில் ஒரு பெண். ஒரு கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. புதுப்பெண்ணாக வந்த வருஷத்தில், அப்பா வீசியெறிந்ததைப் பொறுக்கி வைத்திருக்கிறார்.

"சுவத்துப் படத்தையும் எடுத்துக்க. உங்க அத்தைகிட்டக் குடுத்துரு. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாத சாமி."

கோர்ட்டில் அத்தையின் வக்கீல் இரண்டையும் சேர்த்து வைத்தார். கை மணிக்கட்டோடு பொருந்தியது. "இது யாருங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எந் தங்கச்சிங்க."

அத்தை எழுந்தார். "எனக்குச் சரியாக் காதுல உழுகலீங்க. இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க."

அப்பா இன்னொரு முறை சொன்னார். அத்தை முகத்தில் அன்று கண்ட நிறைவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தோட்டத்தில் பாதி அவருக்கு வந்தது. ஒவ்வொரு மிளகுப் பறிப்புக்கும் மேலே வந்து, அப்பா பார்க்க ஏணி போட்டு ஏறித் தன் கொடியைத் தானே பறித்தார்.

அந்தத் துண்டை அக்கம்பக்கத்தில் யாரோ பொறுக்கிக் கொடுத்தார்கள் என்றே அப்பா நம்பினார். சுவர்ப் படத்தை எடுத்தவள் நான் என்று தெரிந்து என்னோடு சில மாதம் பேசாமல் இருந்தார். அந்தத் துண்டைப் பற்றி அம்மா சாகும்வரை நான் வாய் திறக்கவில்லை.

போன தையில் அத்தையும் போனார். கொண்டையூசி வளைவுகளைத் தாண்டினால் முள்ளுக்குறிச்சி. அப்பா இறங்கி வரவில்லை. "எனக்கென்ன அங்க வேலை?" என்றாராம். பிணத்தருகே நின்றபோதுதான் முடிவு செய்தேன், எங்கள் குடும்பக் கதையை எழுதிவிடுவது என்று. படங்கள், பதிவேட்டு நகல், சாட்சியம் எல்லாவற்றையும் அத்தை மஞ்சள் பையில் போட்டு எனக்கென்று வைத்திருந்தார். பொதுவாக இப்படி எழுதுபவர்கள் அன்பினால் எழுதுவார்கள். நான் அப்படி எழுதவில்லை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அம்மா தந்த துண்டுப் படத்தைப் பற்றியும் எழுதினேன்.

எழுதுவது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது அவருக்கு நடை தளர்ந்துவிட்டது, குரலும்தான்.

"நான் போனதுக்கப்புறம் எழுதிக்கக் கூடாதா கண்ணு?"

"இல்லீங்கப்பா. நீங்க படிக்கோணும்னுதான் இப்ப எழுதறேன்."

அவர் கைகள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் பாயில் துழாவின. நான் எடுத்துக் கொடுத்தேன்.