வேப்பிலையில் பச்சை வண்டு

எங்கள் வீட்டு வேப்பமரத்தில் பச்சை வண்டுக்குப் பஞ்சமே இல்லை. அரிசிக்குள் இருக்கும் கூன்வண்டுக்குச் சொந்தம்தான். ஆனால் இதற்கு மூக்கு நீளமில்லை. யாரோ அமுக்கிவிட்ட மாதிரி குட்டையாக, அகலமாக இருக்கும். உடம்பெல்லாம் பொன்பச்சைப் பொடி, தொட்டால் விரலில் ஒட்டும். புழுவாக மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்ந்து, வண்டானதும் மேலேறி இலையை ஓரத்திலிருந்து கடிக்கும். கிளை ஆடினால் போதும், பொத்தென்று விழுந்து கால்களை மடக்கிச் செத்ததாக நடிக்கும். அதைப் பார்த்து நானும் மகளும் சிரிப்போம். மரம் மொட்டையாகிறதே என்று என் வீட்டுக்காரரிடம் புலம்பவும் செய்வேன்.

மகளுக்குச் சின்னம்மை கண்ட காலை, அந்த மரத்தில்தான் கொத்துக் கொத்தாக இலை ஒடித்துப் பாயில் பரப்பி அவளைப் படுக்கவைத்தேன். அரிப்பு தாங்காமல் அவள் இலையாலேயே உடம்பைத் தடவிக்கொண்டாள். ஒரு கொழுந்தை மென்றும் பார்த்தாள்.

வீட்டுக்காரருக்குத் தோட்டத்தில் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் கன்றுகளுக்கு மருந்தடிக்கும் வேலை. மத்தியானம் ரந்தாவ் ஊர்ப்பக்கத் தோட்டத்திலிருந்து திரும்பியவர், பாயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“நம்ம மரத்துலயா ஒடிச்ச? நேத்து பம்புல மிச்சமிருந்த பூச்சி மருந்த அதுக்குத்தான் அடிச்சேன். எந்தக் கெளையில பட்டுச்சுன்னு தெரியல.”

இந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா? பாயிலிருந்து பிள்ளையை வாரிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரவில்லை, ஆத்தா கோபிப்பாள் என்று தடுத்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆத்தா காலில் அப்புறம் விழுந்துகொள்ளலாம் என்று சோப்புப் போட்டு ஊற்றினேன். அவர் கிளினிக்குக்குப் போக கங்காணி வேலை பார்க்கும் மண்டோரிடம் கார் கேட்க ஓடினார்.

துண்டில் சுற்றிய மகளோடு பாய்ப் பக்கம் வந்தேன். இலைகளுக்கு நடுவே, அவற்றோடு வந்த வண்டுகள் மல்லாந்து கிடந்தன. நடிப்பா, மருந்தா? ஊதினேன். குச்சியால் தொட்டேன். தொட்டால் இன்னும் அதிக நேரம் கிடக்கும் என்று தெரிந்தும் தொட்டேன். எழுந்திரு, எழுந்திரு என்று ஒரு பூச்சியிடம் கெஞ்சினேன்.

“நீ பாத்துக்கிட்டே இருந்தா அது எந்திரிக்காதும்மா,” என்றாள் மகள்.

சுவர்ப்பக்கம் திரும்பி அவளை இறுக்கிக்கொண்டேன். வெளியே கார் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒரு வண்டு எழுந்து, நான் ஒடித்துவந்த இலையின் ஓரத்தை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.