வாசல் கற்றாழை

கற்றாழை அழுகினால் வெங்காயம் கெட்டுப்போனது போல ஒரு வாடை வரும். ஆம்பூரில் வளர்ந்தவர்களின் மூக்கு எதற்கும் அசராது, பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிய லாரி தெருவைக் கடக்கும்போதுகூட நாங்கள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்ததில்லை. ஆனால் அந்த வாடை மட்டும் இத்தனை வருஷமாகியும் என்னை விட்டபாடில்லை, கூடையில் ஒரு வெங்காயம் நசிந்தாலும் நான் முதலில் நிமிர்ந்து வாசல் நிலையைத்தான் பார்க்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா தோல் பதனிடும் டேனரியில் தோல்கள் சுழலும் பெரிய மர டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அந்தத் தை மாதம் மூச்சு வாங்கிப் படுத்தவர் வேலைக்குத் திரும்பவில்லை. ஷூ கம்பெனியில் "அப்பர்" என்கிற மேல்தோலைத் தைத்துக்கொண்டிருந்த அம்மா, ஓர் அமாவாசையன்று கற்றாழை ஒன்றை வேரோடு பிடுங்கி வந்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஷூ தைக்கும் நைலான் நூலால் கட்டி, வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் "லைன் வீட்டு" நிலைக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டாள். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் வெறும் காற்றிலேயே அது பிழைத்துக்கிடக்கும், வீட்டுக்கு வருகிற திருஷ்டியையெல்லாம் தான் வாங்கிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "இது பச்சையா இருக்கிற வரைக்கும் உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். எனக்குத் தைரியம் சொன்னதாக நினைத்திருப்பாள். எனக்கோ அன்றோடு நிம்மதி போயிற்று, பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதுகூட அது பச்சையாக இருக்கிறதா என்ற நினைப்புதான்.

சித்திரை வெயிலில் மடல்கள் சுருங்கிச் செம்பழுப்பாகி, அப்பாவின் கையைப் போலவே மெலிந்துபோயின. நான் பயந்துவிட்டேன். தினமும் சாயங்காலம், அம்மா கம்பெனி வண்டியில் வந்து இறங்குவதற்குள், அப்பா கண்ணயர்ந்திருக்கும் சமயம் பார்த்து, பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு ஏறி, அவருடைய மருந்துப் பாட்டிலின் மூடியால் மூன்று மூடித் தண்ணீர் வேரில் விடுவேன். மூன்று என்பது டாக்டர் அவருக்குச் சொன்ன கணக்கு. வெளியே சொன்னால் பலிக்காது என்று எனக்கு நானே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன்.

பலித்தது. வைகாசியில் மடல் தடித்துப் பச்சை திரும்பியது, அப்பா எழுந்து உட்கார்ந்தார், ஆடியில் தெருமுனைவரை தானே நடந்துபோய் எனக்கு மக்கன் பேடா வாங்கிவந்தார். வேலூர் டாக்டர் குணமாக்கியதாக எல்லோரும் பேசிக்கொள்ள, நான் வாய் நிறைய இனிப்போடு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கர்வமாக நான் பிறகு இருந்ததே இல்லை.

ஐப்பசி மழையில் அப்பாவுக்கு மறுபடி மூச்சு முட்டி, வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் மூன்று மூடியை ஆறாக்கினேன். வாடையை முதலில் கண்டுபிடித்ததும் நான்தான். வேர்ப்பக்கம் தொட்டால் கொழகொழவென்று இருந்தது, தாகம்தான் போலிருக்கிறது என்று இன்னும் ஆறு மூடி ஊற்றினேன். ஒரு நாள் காலையில், அம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், அது நூலிலிருந்து கழன்று நிலைப்படியில் விழுந்தது. சித்தி என்கிற முறையில் நாங்கள் "காலா" என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு ஜீனத் காலா வந்து தண்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, "யாரோ தண்ணி ஊத்திக்கிறாங்க. தொங்கறதுக்கு இன்னாத்துக்கும்மா தண்ணி? ஜாஸ்தியாயி அழுவிப்போச்சி பாரு" என்றாள். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு துடைப்பத்தால் அதைக் கூட்டி அள்ளிச் சாக்கடையில் போட்டாள். யார் ஊற்றியது என்று கேட்கவில்லை.

நாலாம் நாள் அப்பா இறந்துபோனார்.

அம்மா கேட்காத அந்தக் கேள்வி எங்களோடேயே குடியிருந்தது. எனக்குத் தலை வாரிவிடும்போது, என் கல்யாணத்தன்று, பிரசவ அறையில் பக்கத்தில் நின்றபோது, இப்போது கேட்டுவிடுவாள் என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். பெற்ற மகளாயிற்றே என்று என்னை மன்னித்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றே நம்பினேன். இத்தனைக்கும் நான் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். செடி அழுகியது தண்ணீரால், அப்பா போனது நுரையீரலால் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்து என்ன பயன், அந்த நிலைப்படி இன்றும் கனவில் வருகிறது.

இப்போது அம்மா காட்பாடியில் என்னோடு இருக்கிறாள். போன மாதம் ஹாஸ்டலுக்குப் புறப்பட்ட என் மகள், மேசைமேல் வைத்திருந்த உள்ளங்கையளவு கற்றாழைத் தொட்டியையும் அதோடு வந்த அச்சடித்த தாளையும் எங்களிடம் விட்டுப்போனாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர், குளிர்காலத்தில் அதுவும் வேண்டாம் என்று நான் படித்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மா தொட்டியைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டாள்.

"எனக்கு அப்ப தெரியலடி. விடியக்காலம் வாசல் தெளிக்கறப்போ மேல தொங்கினதுக்கும் ரெண்டு கை தெளிப்பேன், தெனமும். நீ பாத்திருப்பியோன்னு பயந்துக்கினே இருந்தேன். ஜீனத்து சொன்னப்ப உன் மூஞ்சிய பாக்க முடியல."

"நானும் ஊத்தினேம்மா."

"எப்போ?"

"சாயங்காலம்."

அம்மா தொட்டி மண்ணை விரலால் தொட்டுப்பார்த்தாள். "அப்போ ஜாஸ்தியாதான் ஆயிருக்கும்" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் அழுதோம், அப்பாவுக்காகக்கூட அப்படி அழுததில்லை.

லைன் வீடுகளை இடித்து ஷூ பெட்டிகள் அடுக்கும் கிடங்கு கட்டிவிட்டார்கள். ஜீனத் காலாவும் இல்லை. நிலை இருந்த இடத்தில் இரும்பு ஷட்டர், ஆணி அடிக்க இடமில்லை. இங்கே மேசைமேல் மகளின் தொட்டி இருக்கிறது, சாயங்காலமானால் அம்மா அதன் எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

"ஊத்தினியா?"

"இல்லம்மா."

"நானும் ஊத்தல."