மூன்று பத்துக்குச் சிரித்த பள்ளிக்கூடம்

அந்த வருடம் பள்ளிக்கூடம் என்ற பேச்சை எடுத்தாலே பஸ் டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் ஒன்பதாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். அவள் படித்த அரசுப் பள்ளியில் கணக்குக்கு ஆளில்லை. பி.டி. வாத்தியார்தான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கணக்கும் சொல்லிக்கொடுத்தார். அவளோ கணக்கென்றால் சோறு தண்ணி வேண்டாத பெண். பத்தாவதுக்குள் நல்ல பள்ளி இருக்கிற ஊராகப் பார்த்துக் குடிபோய்விட வேண்டும் என்று முடிவெடுத்தார்.

லீவு நாளெல்லாம் ஊர் ஊராக அலைந்தார். எந்தப் பள்ளி அலுவலகத்தில் கேட்டாலும் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எல்லாம் நல்லாத்தான் நடக்குது" என்றார். நல்லா நடக்காத பள்ளிக்கூடமே நாட்டில் கிடையாது போலிருக்கிறது! ஏழாவது ஊரில் அவருக்கு வெறுத்துவிட்டது. இனி ஒருவரையும் கேட்பதில்லை, கண்ணால் பார்ப்பதைத்தான் நம்புவது என்று தீர்மானித்தார்.

அவர் பஸ் தினமும் மதியம் மூன்று பத்துக்கு ஒரு சின்ன ஊரின் பள்ளி வாசலைத் தாண்டும். அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் துள்ளிக் குதித்து வெளியே வருவார்கள். ஒரு முகத்திலும் சோர்வு இருக்காது. மற்ற ஊர்களில் நாலரைக்கு விடுகிறார்கள், பிள்ளைகள் மூட்டை சுமந்தவர்கள் மாதிரி வருகிறார்கள். இங்கே சீக்கிரம் ஆரம்பித்துச் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று அவராகவே கணக்குப் போட்டுக்கொண்டார்.

"சந்தோஷமாப் படிக்கிற பிள்ளைங்க, பாருப்பா" என்று கண்டக்டரிடம் காட்டுவார்.

மனைவி லேசில் மசியவில்லை. பத்து வருடமாகப் பார்த்த ஆஸ்பத்திரி வேலையை அவள் விட வேண்டுமே.

"உள்ள போய் ஒரு வார்த்தை விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சு விசாரிச்சு நாக்குத் தள்ளினதுதான் மிச்சம். தினம் பார்க்கிறேனே, போதாதா?"

அவள் அரை மனதாக வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தாள். மூட்டை முடிச்சோடு மூவரும் அந்த ஊருக்குக் குடிவந்தார்கள்.

பள்ளி திறந்த முதல் நாள். மூன்று பத்துக்கு பஸ்ஸை வாசலில் நிறுத்தி எட்டிப் பார்த்தார். வழக்கமான சிரிப்பும் கூச்சலும். அதற்கு நடுவே மகள் மட்டும் பையைக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, பஸ்ஸில் ஏறி அவர் பக்கத்தில் நின்றாள்.

"என்னம்மா, ஸ்கூல் விட்டாச்சா?"

"இல்லப்பா. நாலரைக்குத்தான் விடணும். எல்லா கிளாசுக்கும் கடைசி ரெண்டு பீரியடும் கணக்குன்னு போட்டிருக்காங்க. டீச்சர் இல்லைன்னு அனுப்பிடுறாங்க."

"இன்னைக்கு லீவு போட்டிருப்பாங்க."

"டீச்சரே கிடையாதுப்பா. ரெண்டு வருஷமா தினமும் இப்படித்தானாம்."

கிளார்க்குகள் மேல் அல்ல, தன் கண்கள் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

கண்டக்டர் விசில் கொடுத்தான். வண்டி நகரவில்லை.

"அங்க பி.டி. சாராவது இருந்தாருப்பா" என்றாள் மகள்.