நாக்கு என்று என் காதில் விழுந்தது

இரண்டு வயது மகளின் வாய்க்குள் கைப்பேசி டார்ச்சை அடித்து, சுட்டுவிரலால் அவள் நாக்கைத் தூக்கிப் பார்த்த கணம் நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த கணம் இன்னும் நன்றாக. அவளுக்கு அதுவரை முளைத்திருந்த பற்கள் எத்தனை என்று என் விரல் துல்லியமாகத் தெரிந்துகொண்டது.

திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத் வந்து, உப்பலில் குடியேறி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மல்லாபூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை எனக்கு வேலை. எதை எடுத்தாலும் பழுது தேடுகிறவனை அங்கே நல்ல ஊழியன் என்பார்கள். வீட்டில் அதற்கு வேறு பெயர். மனைவியும் வேலைக்குப் போனதால் பகலில் மகளைப் பார்த்துக்கொண்டவர் எதிர்வீட்டு காலா. அம்மாவின் சகோதரியை உருது பேசும் வீடுகளில் அப்படி அழைப்பார்கள். எங்களுக்கும் அவர் காலாதான். சிகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர். உருதுவில் தொடங்கும் வாக்கியத்தைத் தமிழில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

மகள் ஓடினாள், சோபாவில் ஏறிக் குதித்தாள், என் ஷூவுக்குள் தயிர் ஊற்றினாள். பேசத்தான் இல்லை. ‘அப்பா’கூட வரவில்லை. இந்த வயதில் இத்தனை சொல் வரவேண்டும் என்று கைப்பேசியில் படித்துப் படித்து நான்தான் சோறிறங்காமல் கிடந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லியை ஊட்டப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு தெளிவாக ஒன்று சொன்னாள். நாக்கு! முதல் சொல் என்று துள்ளினேன். துள்ளி முடிப்பதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. சாப்பிட மறுக்கிறாள், நாக்கு என்கிறாள். நாக்கில் புண். அதனால்தான் இத்தனை நாள் பேச்சில்லை. காலா சூடாக டீ கொடுத்திருக்கிறார்!

“உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு. வாய்க்குள்ள டார்ச் அடிச்சா பிள்ளை கடிக்காம கொஞ்சுமா?” என்றாள் மனைவி.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். நாளையிலிருந்து குழந்தையை அனுப்பமாட்டோம் என்று சொல்வதற்கு மனதுக்குள் ஒத்திகையும் பார்த்தாகிவிட்டது. காலா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“காலா, சூடா ஏதும் குடுத்தீங்களா? நாக்கு நாக்குங்கா பிள்ளை.”

அவர் என்னைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். ஒரு பட்டாணியை அவளிடம் நீட்டினார்.

“நக்கோ” என்றாள் மகள்.

பிஸ்கட்டை நீட்டினார்.

“ஹவ்!” என்று என் கையிலிருந்து வழுக்கி இறங்கி அவர் மடியில் போய் உட்கார்ந்தாள்.

காலா சிரித்த சிரிப்பில் பட்டாணி உருண்டோடியது. “கைக்கு டர்றீங்க, பாய்? ஏன் பயப்படுறீங்க? நாக்கு இல்ல, நக்கோ! வேணாம் சொல்றா. ஹவ்னா ஆமாம். நாள் பூரா என்கிட்ட பேசுறாளே! தாகம்னா பானி கேப்பா, பூனை வந்தா பில்லி சொல்வா. உங்க வீட்ல நீங்களே பேசிட்டு இருந்தா அவ எப்போ பேசுவா?”

ஒத்திகை பார்த்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பட்டாணி பொறுக்கினேன். உளறல் என்று நாங்கள் ஒதுக்கியவற்றில் எத்தனை சொற்கள் போயினவோ. ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு சொல் தெரியாத முட்டாள் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

மகள் இப்போது எட்டாம் வகுப்பு. நான் தமிழில் கேட்பதைத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மறுக்கிறாள். காலா தார்நாகாவில் இருக்கும் மகன் வீட்டுக்கே போய்விட்டார். அவரோடு போனில் பேசும்போது மட்டும் இவள் குரல் குழைந்து, இரண்டு வயதுக்காரி ஆகிவிடுகிறாள்.

அன்று பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கைகளை நீட்டினேன். “அப்பாகிட்ட வாரியா?”

“நக்கோ.”

“வாரியாட்டீ?”

“நக்கோ!”

இன்னொரு தடவை கேட்டேன். அதற்கப்புறமும் கேட்டேன்.

“பஸ், பாய், போதும்! எத்தனை வாட்டி கேப்பீங்க? வேணாம் சொல்றா இல்ல?” என்றார் காலா.

“சொல்றா காலா, சொல்றா” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன்.