சும்மா இருக்காத கை

பழனிமுத்துவுக்குக் கை சும்மா இருக்காது. கொள்ளேகாலிலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த நாள் முதல் இதே கதைதான். பேசிக்கொண்டே எதிராளியின் குடைக்கம்பியை நிமிர்த்துவான். கோயிலுக்குப் போனால் சாமியை விட்டுவிட்டு, மணியின் நாக்கு ஏன் தொளதொளவென்று ஆடுகிறது என்று பார்ப்பான். நஞ்சன்கூடு ரோட்டில் பசவராஜின் அரிசி மில்லுக்கு டீசல் இஞ்சின் வந்தபோது இந்த மனிதனைத்தான் டிரைவராக வைத்தார்கள். வைத்ததில் தப்பில்லை. ஒன்பது வருஷம் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டான். வெள்ளிக்கிழமைதோறும் பித்தளைச் சாமான்களைப் பளபளவென்று துலக்கி, விபூதிப் பட்டை போட்டு, செவ்வந்திப் பூ வைத்துவிட்டுத்தான் இஞ்சினைக் கிளப்புவான்.

நாற்பத்திரண்டாம் வருஷம், யுத்த சமயம். ஒரு திங்கட்கிழமை இஞ்சின் கரும்புகையாகக் கக்கி, முக்கி முனகி, நின்றே போயிற்று. நாசிலைக் கழற்றினான். அதன் வழியே புகை மாதிரி பீச்ச வேண்டிய எண்ணெய் சளிபிடித்த மூக்காக ஒழுகியது. எண்ணெயை அதற்குத் தள்ளுகிற பம்பைக் கழற்றினால் உள்ளே தண்டெல்லாம் கீறல். அதிலிருந்த எண்ணெயை வெள்ளை வேட்டித் துணியில் வடித்தான். துணியில் பொடிப்பொடியாக மினுங்கியது உலோகத்தூள்.

“எண்ணெயிலதானுங்க குத்தம்” என்று முதலாளி பசவராஜிடம் வாய் முந்திக்கொண்டது.

எண்ணெய்ப் பீப்பாய்களை மாட்டுவண்டியில் ஏற்றி வருகிறவன் மல்லப்பன், ஹனூர்க்காரன், பழனிமுத்துவுக்கு அடுத்த வீடு. பசவராஜ் அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி இந்தப் பக்கம் வண்டியைத் திருப்பாதே என்று ஆள் அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் மல்லப்பன் வாசலில் உட்கார்ந்து பழனிமுத்துவையே பார்த்தான். திட்டித் தொலைத்திருந்தாலாவது தேவலை.

புதன்கிழமை ரயிலில் புதுப் பம்பு வந்தது. மதராஸில் ஒரு கடையில் கடைசியாகக் கிடந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் சண்டை முடிந்து கப்பல் வரும்வரை மில் மூடித்தான் கிடக்கும். களத்திலோ நெல் மலையாகக் குவிந்திருந்தது. மாட்டு, மாட்டு என்று பசவராஜ் பிடுங்கி எடுத்தார்.

“தூள் எங்கிருந்து வருதுன்னு தெரியாம மாட்டினா இதையும் தின்னுபோடுமுங்க எஜமான்” என்றான் பழனிமுத்து.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை கெடு. அதற்குள் மாட்டாவிட்டால் வேறு டிரைவர் வருவான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பழனிமுத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மல்லப்பன் கொண்டுவந்த பீப்பாய்கள் ஒவ்வொன்றையும் துணியில் வடித்தான். ஒரு மினுக்கு இல்லை. அப்படியானால் மல்லப்பன் மேல் குற்றமில்லை. டாங்கியில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். பழைய மோட்டாரிலிருந்து கழற்றிய காந்தத்தை, பம்பு எண்ணெய் வடித்த முதல் துணிமேல் காட்டினான். கறுப்புத் தூள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. அது பம்பின் இரும்பு, சரி. ஆனால் மஞ்சளாக மினுங்கியது மட்டும் காந்தத்தைச் சட்டை செய்யாமல் அப்படியே கிடந்தது. இரும்பில்லை, பித்தளை. பம்புக்குள் பித்தளையே கிடையாதே! சோறு இறங்காமல், படுத்தால் தூக்கம் வராமல் அலைந்தான். டாங்கியிலிருந்து பம்பு வரை வழியில் இருந்த எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தவன், எண்ணெய் வடிகட்டியை மட்டும் திறக்கவில்லை. அது அவன் கையால் சுத்தம் செய்தது. அதில் என்ன இருக்கப் போகிறது?

வெள்ளிக்கிழமை காலை பெண்டாட்டி பூவாத்தாள் காப்பி கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவன் காப்பித் தூளைத் துப்பினான். என்னடி இது என்று எரிந்து விழுந்தான்.

“என்னையக் கேக்காதீங்க. கை சும்மா இருக்காம பில்டரப் போட்டுச் செங்கத்தூள்ல தேய்ச்சீங்களே, ஓட்டையெல்லாம் பெருசாயிருச்சு. தூளு எறங்காம என்ன பண்ணும்?”

அவ்வளவுதான். டம்ளரைக் கீழே வைத்தவன் செருப்புகூடப் போடாமல் மில்லுக்கு ஓடினான்.

வடிகட்டியின் பித்தளைச் சல்லடையைக் கழற்றி வெயிலில் பிடித்தான். பளபளவென்று இருந்தது பாவி! ஒன்பது வருஷ வெள்ளிக்கிழமைகளில் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, கம்பிகள் மயிரிழையாகி அங்கங்கே அறுந்திருந்தன. அறுந்த துணுக்கும், மடிப்பில் தங்கிய செங்கல் தூளும் நேராகப் பம்புக்குள் போயிருக்கின்றன. எண்ணெயைக் காக்கிற சல்லடையை அவனே தேய்த்துத் தின்றிருக்கிறான்.

பசவராஜ் வந்து பார்த்தார். சல்லடை எப்படி அறுந்தது என்று கேட்டார். பழசாகி விட்டது என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடுத்த வீட்டு வாசலில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மல்லப்பனின் முகமும் கூடவே வந்தது.

“நான்தானுங்க தேய்ச்சேன். மல்லப்பன் எண்ணெய் சுத்தமுங்க. பொய்க்குத்தம் சொன்னதும் நான்தான்.”

பசவராஜ் மல்லப்பனைக் கூட்டிவரச் சொன்னார். குழாய்களைக் கழுவி, கடைத்தெருவில் வாங்கிய பித்தளை வலையில் புதுச் சல்லடை செய்து போட்டு, பம்பை மாட்டி, சாயங்காலம் இஞ்சினைக் கிளப்பினார்கள். பழைய சத்தம் வந்தது. வேலையை விட்டு நிறுத்துவார் என்று பழனிமுத்து காத்திருந்தான். அவர் அப்படிச் செய்யவில்லை. இஞ்சினை நீ ஓட்டு, ஆனால் இனி வடிகட்டி மல்லப்பன் பொறுப்பு, நீ அதைத் தொடக்கூடாது என்றார். அதற்கு வேலையை விட்டே நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது பழனிமுத்துவுக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை மல்லப்பன் சல்லடையைச் சுத்தமான டீசலில் ஒரு முக்கு முக்கி, உதறி, அப்படியே வைத்தான். அவ்வளவுதான் அவன் சுத்தம்! விளிம்பில் கறுப்பாக ஒரு கறை. பழனிமுத்துவுக்கு உள்ளங்கை அரித்தது. கை தானாக நீண்டது.

“கைய எடு” என்றான் மல்லப்பன்.

பன்னிரண்டு நாளில் அவன் பழனிமுத்துவோடு பேசிய முதல் பேச்சு அதுதான். பழனிமுத்து இரண்டு கையையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.