கட்டிலுக்கு அடியில் செங்கல்

எங்கள் ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முதலில் மைக்கைப் பிடிப்பவள் நான்தான். கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் பிடிப்பது தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவதற்கு. பாட்டு முடிந்த அடுத்த நொடி மைக் என் கையில் இருக்காது.

சின்ன வயதிலிருந்து சர்ச்சில் பாடிப் பழகிய தொண்டை இது. கூட்டத்தின் தொடக்கத்தில் பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிடக் கூடாது, ஆள்தான் நின்று பாட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்களாம். பஞ்சாயத்து கிளார்க் ஆள் தேடினார். என்னைவிட நன்றாகப் பாடும் பெண்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் பக்கம் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். நானும் அப்படிப் போய்க்கொண்டிருந்தவள்தான். மாமியாருக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்ட பிறகு வேலையை விட்டேன். ஆக, பகலில் ஊரில் மிச்சமிருந்த குரல் என்னுடையது.

கிளார்க்கைக் குறை சொல்ல முடியாது, தன்மையான மனிதர். அவரிடம் ஒரு பழக்கம் மட்டும் உண்டு. பாட்டின் கடைசி வரி வரும்போதே பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டிவிடுவார். பஸ்ஸில் ஒருவர் எழுந்திருக்கும் முன்பே அந்த சீட்டில் துண்டைப் போடுகிறவரைப் போல. நான் வாயை மூடுவதும் மைக் அவர் கைக்குப் போவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

அப்படி எத்தனையோ கூட்டங்களில் பாடிவிட்டேன். பள்ளிக்கூடத்து மரத்தடியில் நடக்கும் கிராம சபை. கம்பெனியைப் பெரிதாக்குவதற்கு முன் ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்கிறோம் என்று கல்யாண மண்டபத்தில் ஏர்கூலர் வைத்து நடத்திய கூட்டம். பிளாஸ்டிக் ஒழிப்பு விழா. அதில் ஆளுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார்கள். ஏரியைச் சுத்தம் செய்யும் நாள் என்று ஒரு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய பிள்ளைகள், ஒரே நிற டீ-ஷர்ட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு கரையில் போட்டோ எடுத்துவிட்டு வெயில் ஏறும் முன் கிளம்பினார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட கையுறைகளை மறுநாள் நாங்கள் பொறுக்கினோம். இதையெல்லாம் சொன்னால் எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளம்தான்.

எனக்கு இந்தக் கூட்டங்களில் ஆக வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் போகிறது. மேல் ஏரி நிரம்பினால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி எங்கள் ஏரிக்குப் போய்ச் சேரும். வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய கோடவுன் வந்தது. அதன் மதில் கால்வாயைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. தண்ணீர் போக அடியில் இரண்டு குழாய் வைத்திருக்கிறோம் என்றார்கள். வைத்தது உண்மை. முதல் வருடத்திலேயே இரண்டும் மண்ணும் குப்பையும் அடைத்துக்கொண்டு, உள்ளே ஒரு தவளை போகவும் வழியில்லை. மழை பெய்தால் தண்ணீர் மதிலில் முட்டி, திரும்பி, எங்கள் தெருவுக்கு வரும்.

முதல் தடவை வந்தது ஒரு ஐப்பசி மத்தியானம். என் வீட்டுக்காரர் கம்பெனியில் இருந்தார். மண்ணூர் பக்கம் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, வர முடியவில்லை என்று போன் செய்தார். அத்தை முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கட்டிலின் ஒவ்வொரு காலையும் தூக்கி, அடியில் இரண்டிரண்டு செங்கல் கொடுத்தோம். தண்ணீர் வடிய நான்கு நாள் ஆயிற்று. செங்கலை எடுக்க தைரியம் வரவில்லை.

அந்தச் செங்கல்தான் வினையாகப் போயிற்று. அதுவரை அத்தை பாதி தேறியிருந்தார். காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நல்ல காலைத் தரையில் ஊன்றி, நாலு கால் தடியைப் பிடித்து எழுந்து, சுவரோரமாகக் கழிவறைக்குத் தானே போய்வருவார். அதற்கு ஒரு வருடம் பிடித்தது. எத்தனை எண்ணெய், எத்தனை பயிற்சி, எத்தனை திட்டு. கட்டில் உயர்ந்ததும் கால் தரைக்கு எட்டவில்லை. இறக்கிவிட ஆள் வேண்டும், ஏற்றிவிட ஆள் வேண்டும். நான் கூட்டத்துக்குப் பாடப் போகும் நாட்களில் டயப்பர் கட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தது.

அதைக் கட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஆறு புள்ள பெத்தவடி நானு. எனக்குப் போய் கோமணம் கட்டிவுட்டுகினு கீற பாரு" என்பார். நான் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இரண்டு பேரும் அழ வேண்டியிருக்கும்.

கூட்டம் முடிந்து நான் வாசற்படி ஏறியதும் முதல் கேள்வி எப்போதும் அதுதான். "இன்னாடி சொன்னாங்க? கால்வாய தொறக்கறாங்களாமா?"

"பாக்கறோம்னு சொல்லிகிறாங்க அத்தை."

"பாத்துகினே இருக்கட்டும். பாக்கறதுக்கு இன்னா, தேரா ஓடுது அங்க?"

ஒரு நாள் அவரே ஒரு யோசனை சொன்னார். "மொதல்ல மைக்க புடிக்கறது நீதான? பாடி முடிச்சதும் ஏன் குடுத்துத் தொலைக்கற? புடிச்சிகினே கேட்டுடு. எல்லாரும் அப்பதான் வாய மூடிகினு நிப்பாங்க."

சரியான பேச்சு அது. வாழ்த்துக்காக எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அதிகாரி முதல் பிஸ்கெட் கொடுக்கிற பையன் வரை ஒருவரும் அசைய மாட்டார்கள். அந்த அமைதி பாட்டோடு கலைந்துவிடும். பிறகு நடப்பதெல்லாம் சந்தைக்கடைதான்.

அடுத்து வந்தது நீர்நிலை பாதுகாப்பு விழிப்புணர்வு நாள். மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். பாடினேன். கடைசி வரியில் வழக்கம்போலக் கிளார்க்கின் கை வந்தது. நான் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், எங்க வூட்டுக்குப் பின்னாடி கால்வா ஒண்ணு கீது சார்" என்று ஆரம்பித்தேன். பாட்டில் நடுங்காத குரல் பேச்சில் நடுங்கியது. மதிலைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன். கட்டிலைச் சொன்னேன். "எங்க மாமியாருக்குக் கால் தரையில பட்டா போதும் சார். மழைக்கு முன்னாடி அந்த வழிய தொறந்து வுடுங்க" என்று முடித்தேன். கிளார்க்கின் கை அதுவரை நீட்டியபடியே இருந்தது. பாவமாக இருந்தது.

சண்டை வரும் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். உட்காருங்கம்மா என்று யாராவது அதட்டியிருந்தால் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அதிகாரி எழுந்து கைதட்டினார். கூட்டமே தட்டியது. "அம்மா பாடினதும் அருமை, பேசினதும் அருமை. இப்படித்தான் பொதுமக்கள் முன்வரணும். மழைக்கு முன்னாடி கண்டிப்பா எடுத்துக் கொடுத்துடறோம்" என்றார். எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அந்த வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அத்தை அதைத் தடவிப் பார்த்து, "ஜரிகையெல்லாம் டூப்பு" என்றார். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

சொன்னபடி ஜேசிபி வந்தது. நானே நம்பவில்லை. அதற்கும் ஒரு விழா, பந்தல், பாட்டு. டீ-ஷர்ட்டும் தொப்பியும் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள், அந்தக் கோடவுன்காரர்களேதான். பிளெக்ஸில் ஒரு மூலையில் மைக்கோடு என் படம் இருந்தது. இரண்டு நாள் வேலை நடந்தது. மேல் ஏரியிலிருந்து எங்கள் வீட்டுப் பின்புறம் வரை கருவேல முள்ளையெல்லாம் பிடுங்கி, ஆழமாக, பார்க்க ஆசையாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். மதிலுக்குப் பத்தடி இருக்கும்போது டிரைவர் வண்டியை நிறுத்தினார்.

"இன்னா தம்பி, நிறுத்திட்ட?"

"எனக்கு செவுரு வரைக்கும்தான்க்கா சொல்லிகிறாங்க."

கிளார்க்குக்கு போன் போட்டேன். "அது பட்டா எடம்மா, அதுக்குத் தனி ஃபைல். பேசிட்டாங்க. குழாய எடுத்துட்டு பெரிய கல்வெர்ட்டு பாலம் போடறாங்க. மழைக்குள்ள முடிஞ்சிடும், நீங்க கவலையே படாதீங்க" என்றார்.

நம்பினேன். பாதி வேலை கண் முன்னால் நடந்திருக்கும்போது மீதியை நம்பாமல் எப்படி இருப்பது? அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரும் நானுமாகக் கட்டிலின் கால்களைத் தூக்கிச் செங்கற்களை உருவினோம். அவற்றை வாசல் ஓரத்தில் அடுக்கி வைத்தேன். அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வைத்துத் தேய்த்தார். தரை சில்லென்று இருப்பதாகச் சொன்னார்.

மறுநாளே தடியைப் பிடித்துத் தானாகப் போய்வந்தார். அடுத்த வாரம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் லாரிக்காரனைப் பெயர் சொல்லித் திட்டும் அளவுக்கு வந்துவிட்டார். கொஞ்ச நாள்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நாளும் எங்கள் வீட்டில் சந்தோஷம் இருந்தது. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கல்வெர்ட்டு வரவில்லை. மழை வந்தது.

முன்பெல்லாம் தண்ணீர் முள்ளிலும் புதரிலும் தடுக்கி, தயங்கித் தயங்கி வரும். எங்கள் தெருவுக்கு வந்து சேர அரை நாள் பிடிக்கும். இப்போது வழியைத்தான் வழித்துத் துடைத்து வைத்திருந்தோமே. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்வாசலில் ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் அடுப்படித் தரை முழுக்கச் செம்மண் தண்ணீர். அத்தை அப்போதுதான் கழிவறையிலிருந்து தடியோடு திரும்பிக்கொண்டிருந்தார். கணுக்காலில் தண்ணீர் மோதியதும் தடி வழுக்கியது. சுவரைப் பிடிக்கப் பார்த்து, முடியாமல், அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப் போய்த் தூக்குவதற்குள் புடவையெல்லாம் சேறு. கூப்பிடவில்லை, கத்தவில்லை. வாயைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்னார். முறிந்திருந்தால் கட்டுப் போட்டு ஆற்றியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அத்தை சொன்னது ஒரே வார்த்தைதான்.

"கல்லு வெய்யி."

"தண்ணி வடிஞ்சிடும் அத்தை. இன்னும் ரெண்டு நாள்."

"வெய்யிடி. எனக்கு வேணாம், கீழ எறங்க வேணாம்."

வாசலில் அடுக்கிய செங்கற்களை வெள்ளம் புரட்டிப் போட்டிருந்தது. தேடிப் பொறுக்கி வந்து கழுவினேன். இன்னும் நாலு வாங்கிச் சேர்த்து, இந்த முறை மூன்று மூன்றாகக் கொடுத்தோம்.

கிளார்க்கிடம் போனேன். ஃபைல் போயிருக்கிறது என்றார். அதிகாரிக்கு மாற்றல் வந்துவிட்டதாம். புதியவர் வந்து பார்ப்பாராம். கோடவுன் வாசலில் செக்யூரிட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "பிளெக்ஸ்ல பாத்தேன் மேடம்" என்று சல்யூட் அடித்தார். உள்ளே மட்டும் விடவில்லை.

தை மாதம் கிராம சபைக்குக் கூப்பிட்டார்கள். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் மட்டும் மதில் இடிந்துவிடுமா? அத்தைக்கு டயப்பரைக் கட்டினேன். கோமணம் என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு இடுப்பை மட்டும் ஒத்தாசையாகத் தூக்கிக் கொடுத்தார்.

பாடினேன். குரல் நன்றாகவே வந்தது. அந்த நாளுக்குப் பிறகு கிளார்க் என் பக்கத்தில் வர யோசிக்கிறார் போல, நாலு அடி தள்ளியே நின்றார். எல்லோரும் வாய் மூடி நின்றுகொண்டிருந்தார்கள். புது அதிகாரியும் நின்றார். கடைசி வரி முடிந்தது. நானே நாலு அடி நடந்து போய் மைக்கைக் கிளார்க்கின் கையில் கொடுத்தேன்.

"தேங்க்ஸ்மா" என்றார். அந்த மனிதருக்கு உண்மையிலேயே நிம்மதி.

வீட்டுக்கு வந்தேன். வாசற்படி ஏறும்போது பழக்கத்தில் ஒரு நொடி நின்றேன், கேட்பார் என்று. உள்ளே சத்தமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். விழித்துத்தான் இருந்தார்.

"இன்னா குடுத்தாங்க?" என்றார்.

பையிலிருந்து பிஸ்கெட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, ஒன்றை அவருடைய நல்ல கையில் வைத்தேன்.